யூடிஆர் எண் இருந்தாலே சுயதொழில் ஆகிவிடுமா? பிரிட்டனில் சரிபார்க்கும் முறை

பிரிட்டனில் கட்டட வேலைக்கோ டெலிவரி வேலைக்கோ போனால், "யூடிஆர் எண் இருக்கிறதா?" என்று கேட்பது வழக்கம். எண்ணைக் கொடுத்த பிறகு விடுமுறைச் சம்பளம் கேட்டால், "நீங்கள்தான் சுயதொழில் செய்பவர் ஆயிற்றே" என்று கையை விரிப்பவர்கள் உண்டு. யூடிஆர் என்பது வரித்துறை தரும் பத்து இலக்க அடையாள எண். அதற்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது.

படி 1: எண் எதற்காக வந்தது என்று பாருங்கள்

செல்ஃப் அசெஸ்மெண்ட் (வருமானத்தைத் தாங்களே தெரிவிக்கும்) முறையில் வரிக் கணக்குக் காட்டப் பதிவு செய்பவர்களுக்கு வரித்துறையான எச்எம்ஆர்சி இந்த எண்ணைத் தருகிறது. வீட்டு வாடகை வருமானத்துக்காகப் பதிவு செய்தவரிடமும் இது இருக்கும். கம்பெனிகளுக்கும் உண்டு. சொந்தத் தொழிலை விட்டுவிட்டுச் சம்பள வேலைக்குப் போனாலும் பழைய எண் அப்படியே இருக்கும். உங்கள் பெயரில் ஒரு வரிக் கோப்பு இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கட்டடத் துறையில் சிஐஎஸ் எனப்படும் வரிப் பிடித்த முறைப்படி 20 சதவீதம் பிடித்துக்கொண்டு பணம் தருவதும் அப்படித்தான். அதுவும் முடிவான சான்று அல்ல.

படி 2: வேலை நடக்கும் விதத்தை எழுதுங்கள்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். கடந்த மாத வேலையை மனதில் வைத்துப் பதில் எழுதுங்கள். வேலை நேரத்தை முடிவு செய்வது யார்? வர முடியாத நாளில் உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாமா? கருவிகளும் வண்டியும் யாருடையவை? கூலியைப் பேசி முடிப்பது நீங்களா, அவர்களா? வேலை பிழையானால் உங்கள் செலவில் திருத்துகிறீர்களா? ஒப்பந்தத் தாளில் இருப்பதை அல்ல, உண்மையில் நடப்பதை எழுதுங்கள்.

பிம்லிகோ பிளம்பர்ஸ் வழக்கில், பிளம்பர் ஒருவர் சுயதொழில் செய்பவராகவே வரிக் கணக்குக் காட்டியிருந்தார். வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவும் வைத்திருந்தார். ஆனால் கம்பெனிச் சீருடை அணிந்து, கம்பெனிப் பெயர் பொறித்த வேனில் போய் வேலை செய்தார். அவர் ‘வொர்க்கர்’ (சில தொழிலாளர் உரிமைகள் உள்ளவர்) என்றே 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரிப் பதிவு அதைத் தடுக்கவில்லை.

படி 3: அரசின் கருவியில் சோதியுங்கள்

அரசு இணையதளத்தில் ‘செஸ்ட்’ என்ற கேள்வி-பதில் கருவி இலவசமாக உள்ளது. அது வரி சம்பந்தப்பட்ட நிலையை மட்டுமே சொல்லும். ஆனால் தொழிலாளர் சட்டத்தில் ஊழியர், சுயதொழில் செய்பவர் இருவருக்கும் நடுவே வொர்க்கர் என்ற வகை இருக்கிறது. அவருக்குக் குறைந்தபட்ச ஊதியமும் ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுமுறையும் உரிமை.

படி 4: ஆவணங்களைச் சேருங்கள்

நீங்கள் உண்மையிலேயே சுயதொழில் செய்பவர், வீட்டுக் கடனுக்குச் சான்று வேண்டும் என்றால், எச்எம்ஆர்சியின் இணைய வரிக் கணக்கிலிருந்து எஸ்ஏ302 என்ற வரிக் கணக்கீட்டுத் தாளையும் அந்த ஆண்டின் வரிச் சுருக்கத்தையும் எடுத்துக் கொடுங்கள். இன்வாய்ஸ்களும் கைவசம் இருக்கட்டும்.

படி 2இன் பதில்கள் நீங்கள் சுயதொழில் செய்பவர் அல்ல என்று காட்டினால், வேலை நேர அட்டவணை, உத்தரவிட்ட குறுஞ்செய்திகள், பணம் வந்த வங்கிப் பதிவுகள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பைத் தொலைபேசியில் அழையுங்கள், ஆலோசனை இலவசம். தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போகக் காலக்கெடு உண்டு என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.