பசுவும் பட்டாணியும்: ஒரே புரதத்தின் இரு மரபணுக்களைக் கோடான் கோடானாக ஒப்பிடுவது எப்படி?

ஹிஸ்டோன் எச்4 என்பது உயிரணுவில் டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்களுள் ஒன்று. பசுவின் எச்4 புரதத்துக்கும் பட்டாணியின் எச்4 புரதத்துக்கும் 102 அமினோ அமிலங்களில் இரண்டே வேறுபாடுகள்தாம்: பசுவில் 60ஆம் இடத்தில் வாலினும் 77ஆம் இடத்தில் லைசினும் இருக்க, பட்டாணியில் அங்கே முறையே ஐசோலூசினும் ஆர்ஜினினும் இருக்கின்றன. மரபணுக்களிலோ வேறுபாடுகள் இதைவிட மிகப் பல. கோடான் என்பது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதி. 61 கோடான்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிப்பதால், புரதம் மாறாமலேயே மரபணு மாறிக்கொண்டிருக்க முடிகிறது.

முதலில், மரபணுத் தரவுகளைச் சேமித்துவைத்திருக்கும் என்.சி.பி.ஐ. தளத்திலிருந்து இரு மரபணுக்களின் சி.டி.எஸ். பகுதியை (புரதமாக மொழிபெயர்க்கப்படும் பகுதியை) மட்டும் ஃபாஸ்டா என்னும் எளிய உரை வடிவக் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். பெயரை வைத்துத் தேடிக் கிடைக்காவிட்டால், பசுவின் புரத வரிசையைக் கொடுத்து, டி.என்.ஏ. வரிசைகளைப் புரதமாக மொழிபெயர்த்துத் தேடும் டிபிளாஸ்ட்என் கருவியில் தேடுங்கள். தொலைதூர உறவுகளை டி.என்.ஏ. தேடலைவிடப் புரதத் தேடலே நன்றாகக் கண்டுபிடிக்கும்.

அடுத்து, இரண்டையும் புரதமாக மொழிபெயர்த்து, வரிசையமைப்பு நிரலான மாஃப்டில், ஒத்த இடங்கள் ஒன்றன்கீழ் ஒன்று வருமாறு வரிசைப்படுத்துங்கள். நான் எப்போதும் மாஃப்டையே விரும்புகிறேன்.

இனி வருவதே நிதானம் தேவைப்படும் படி. டி.என்.ஏ. வரிசைகளை நேரடியாக மாஃப்டில் இட்டால், நிரலுக்குக் கோடான் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அது ஓரெழுத்து, ஈரெழுத்து இடைவெளிகளைப் புகுத்தி, வாசிப்புச் சட்டகத்தை, அதாவது எழுத்துகள் மூன்று மூன்றாகப் பிரியும் ஒழுங்கை, குலைத்துவிடக்கூடும். ஆகவே புரத வரிசையமைப்பையும் சி.டி.எஸ். கோப்பையும் பால்டுநால் கருவியில் சேர்த்து இடுங்கள். அது ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் உரிய மூன்றெழுத்துகளை அதனதன் இடத்தில் பொருத்தித் தரும். இரு கோப்புகளிலும் வரிசைகள் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும். முடிவிலுள்ள நிறுத்தக் கோடானை (புரதம் அங்கே முடிகிறது என்று காட்டும் மூன்றெழுத்தை) முன்பே நீக்கிவிடுங்கள்.

கிடைத்ததை மூன்று மூன்றெழுத்தாகப் படியுங்கள். மாற்றங்கள் பெரும்பாலும் மூன்றாம் எழுத்தில் இருக்கும். எனினும் முதல் எழுத்தை விட்டுவிடாதீர்கள். எச்4 ஆர்ஜினின் நிறைந்த புரதம். ஆர்ஜினினுக்கு ஆறு கோடான்கள் உள்ளதால், சி.ஜி.ஏ. என்பது ஏ.ஜி.ஏ. ஆனாலும் புரதம் மாறாது.

பின்சேர்க்கை: வேறுபாடுகள் 61, 78 ஆகிய இடங்களில் தெரிவதாக வாசகர்கள் எழுதியிருந்தனர். அது பிழையன்று. சி.டி.எஸ். மெத்தியோனினில் தொடங்குகிறது, முதிர்ந்த புரதத்தில் அது நீக்கப்பட்டுவிடுவதால் எண்ணிக்கை ஒன்று குறைகிறது. மைட்டோகாண்ட்ரிய மரபணுக்களில் இம்முறையைப் பயன்படுத்துவோர் எந்தக் கோடான் எதைக் குறிக்கும் என்று காட்டும் குறியீட்டு அட்டவணையை மாற்றியாக வேண்டும்: முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் யு.ஜி.ஏ. (டி.என்.ஏ. வரிசையில் டி.ஜி.ஏ.) நிறுத்தக் குறியன்று, டிரிப்டோஃபான், ஏ.ஜி.ஏ. ஆர்ஜினின் அன்று.

ஒருபொருள் மாற்றங்களை (அமினோ அமிலத்தை மாற்றாத எழுத்து மாற்றங்களை) எண்ணி, இரு உயிரினங்களும் பிரிந்த காலத்தைக் கணிக்க விரும்புவோர் பசு–பட்டாணி இணையை எடுக்க வேண்டாம். இவ்வளவு நெடிய இடைவெளியில் ஒரே இடம் பலமுறை மாறியிருக்கும் என்பதால், இன்று நாம் காணும் வேறுபாடு உண்மையில் நடந்த மாற்றங்களைவிடக் குறைவாகவே இருக்கும். அதற்கு மனிதன்–எலி போன்ற நெருங்கிய இணையை எடுங்கள்.