எத்தனை பவுன் என்று கேட்பதற்கு முன்னால்: நகை வாங்குவதிலும் கொடுப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுப் பக்கம் நகைப் பேச்சை எடுத்தாலே முதலில் வரும் கேள்வி "எத்தனை பவுன்?" என்பதுதான். யார் போடப் போகிறார், அவர் கழுத்துக்கு அது பொருந்துமா, வேலைக்குப் போகும் நாளில் போட்டுக்கொள்வாரா என்பதெல்லாம் அப்புறம்தான் வரும், பல வீடுகளில் வருவதே இல்லை. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பாங்க் லாக்கர்களுக்குள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட வெளியே வராத நெக்லஸும் ஆரமும் எத்தனையோ கிடக்கின்றன. அவை மோசமான நகைகள் இல்லை. போட வேண்டியவரைக் கேட்காமல் எடையைப் பார்த்து வாங்கியவை, அவ்வளவுதான்.

எடை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. தங்கம் சேமிப்பும்தான், 8 கிராம் ஒரு பவுன் என்று கணக்குப் பார்த்துச் சேர்த்து வைத்துத்தான் நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ இக்கட்டைத் தாண்டியிருக்கிறார்கள். ஆனால் சேமிப்புக்கு வாங்குவதும் போட்டுக்கொள்ள வாங்குவதும் வேறு வேறு. சேமிப்புக்கு என்றால் காசாகவோ சின்னக் கட்டியாகவோ வாங்குங்கள், செய்கூலி சேதாரம் என்று போகும் பணம் மிகவும் குறையும். போட்டுக்கொள்ள என்றால் கண்ணாடிக்கு முன்னால் நின்று முடிவெடுங்கள். இரண்டையும் ஒரே நகையில் முடிக்கப் பார்ப்பதால்தான், இருபது வயதுப் பெண்ணுக்குப் பத்துப் பவுன் ஆரத்தை வாங்கிவிட்டு "ஏன் போடவே மாட்டேங்கிறா?" என்று பிறகு கேட்கிறோம்.

இதில் கழுத்துருவை மட்டும் தனியாக வைத்துப் பேச வேண்டும். நகரத்தார் கல்யாணத்தில் திருப்பூட்டும்போது, அதாவது தாலி கட்டும்போது, மஞ்சள் பூசிய கயிற்றில் உருப்படிகளைக் கோர்த்துப் போடுகிற கழுத்துரு ஸ்டைலுக்கான நகை இல்லை, அது சடங்கு. முன்பெல்லாம் நூறு பவுனில்கூடச் செய்திருக்கிறார்கள், இப்போது 11, 16, 21 பவுன் என்று குறைத்துச் செய்கிறார்கள், அது நல்ல மாற்றம்தான். கல்யாணத்துக்குப் போட்டதை மறுபடி அறுபதாம் கல்யாணத்துக்கு எடுப்பார்கள், நடுவில் அது பெட்டிக்குள் இருக்கும், அதில் குறையொன்றும் இல்லை. "சும்மா கிடக்குதே" என்று கழுத்துருவை அழித்து வளையலும் செயினும் செய்துகொள்வதுதான் தவறு. அறுபதாம் கல்யாணத்துக்கு அது வேண்டும் என்று பிறகு தேடும்போது கிடைக்காது. அன்றாடம் போட ஏதாவது வேண்டும் என்றால் வேறு தங்கத்தில் செய்துகொள்ளுங்கள்.

பழைய நகையை அழிப்பதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் மிகப் பெரிய இழப்பு அங்கேதான் நடக்கிறது. பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது வட்டித் தொழில் செய்த குடும்பங்கள் அங்கிருந்து சிவப்புக்கல் கொண்டுவந்து உள்ளூர் ஆசாரிகளிடம் அட்டிகையும் பதக்கமும் தோடுமாகச் செய்து வைத்தார்கள். 1942-ல் ஜப்பான் படை உள்ளே வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்களின் வீடுகளிலும், அதற்கு முன்பே இங்கே வந்து சேர்ந்திருந்த கற்கள் தங்கின. அந்த அட்டிகையைக் கொண்டுபோய்க் கடையில் மாற்றக் கொடுத்தால் என்ன நடக்கும்? கல்லுக்கு மதிப்பு எதுவும் போடாமல், கல், அரக்கு, அழுக்கு என்று எடையைக் கழித்து, மீதித் தங்கத்துக்கு மட்டும் விலை வைப்பார்கள். கல்லைத் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை என்றால் அதுவும் போய்விடும். சூடாக்காத, எதுவும் ஏற்றாத, நல்ல தரமான பர்மா சிவப்புக்கல்லுக்கு இன்று தங்கத்தைவிடப் பல மடங்கு விலை இருக்கிறது என்பது, அப்பத்தாவின் பதக்கத்தைக் கொடுத்து இயந்திரத்தில் வெட்டிய வளையலை வாங்கி வருகிறவருக்குத் தெரிவதில்லை.

அதற்காகச் சிவப்பாக இருப்பதெல்லாம் பர்மாக் கல் என்று நம்பிவிடவும் வேண்டாம். 1900-களின் தொடக்கத்திலேயே செயற்கைச் சிவப்புக்கல் சந்தைக்கு வந்துவிட்டது, பழைய நகைகளிலேயே அது கலந்து வருவது உண்டு. ஸ்பினல் என்கிற வேறொரு சிவப்புக் கல்லும் பர்மாவில் நிறைய கிடைக்கும், வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் அழிப்பது, விற்பது, பங்கு பிரிப்பது எதுவாக இருந்தாலும் முதலில் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். அக்கா தங்கைகள் பங்கு பிரிக்கும்போது எடையை மட்டும் சமமாகப் பிரித்துவிட்டு, நல்ல கல் ஒரு பக்கமும் கண்ணாடிக் கல் ஒரு பக்கமும் போன கதைகள் இங்கே உண்டு. அழிக்காமலேயே போடலாம் என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. கனமான பழைய பதக்கத்தை அதற்கான சரத்திலிருந்து கழற்றி, மெல்லிய சங்கிலியிலோ முத்துச் சரத்திலோ கோர்த்தால் இன்றைய பெண் ஆபீசுக்கே போட்டுப் போவாள். ஆசாரியிடம் ஒரு கொக்கி மாற்றுகிற வேலைதான்.

அடுத்து, துணியோடு சேர்த்து யோசிக்காமல் வாங்குவது. நம் ஊர்க் கண்டாங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. மாம்பழ மஞ்சள், அரக்குச் சிவப்பு, கருப்பு என்று அழுத்தமான நிறம், கட்டம், அகலமான கரை. அந்தச் சேலையே நிறையப் பேசுகிறது. அதன் மேல் குட்டிக் குட்டிக் கல் பதித்த நெக்லஸைப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதி எதுவுமே கண்ணில் நிற்காது. கண்டாங்கிக்குக் கெட்டிக் காப்பு, மணி மணியாக ஒரு சங்கிலி, காதில் ஒரு நல்ல தோடு போதும். கருங்காலி மணியோ பவழமோ இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும். நிறைய ஜரிகை போட்ட பட்டு என்றால் நேர் எதிராகச் செய்யுங்கள். ஜரிகையும் தங்கம், நகையும் தங்கம் என்றால் தூரத்திலிருந்து பார்க்கும்போது நகை இருப்பதே தெரியாது, அங்கேதான் சிவப்பும் பச்சையும் வைத்த அட்டிகை வேலை செய்யும்.

கழுத்துக்கு வாங்கும்போது கடையில் கொடுக்கிற கைக்கண்ணாடியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் கழுத்து மட்டும்தான் தெரியும், ஆள் தெரிய மாட்டார். எழுந்து போய் ஆளுயரக் கண்ணாடியில் பாருங்கள். குட்டைக் கழுத்துக்கு ஒட்டிப் பிடிக்கிற அட்டிகை மூச்சு முட்டுவது போலத் தெரியும், கொஞ்சம் இறங்கி நிற்கிற சரம் கழுத்தை நீட்டிக் காட்டும். நீளக் கழுத்துக்காரர்களுக்கு அட்டிகையைப் போல அழகு வேறு எதுவும் இல்லை. ரவிக்கைக் கழுத்து எங்கே முடிகிறதோ அங்கேயே நகையும் முடிந்தால் இரண்டும் வீண், மேலே நிற்க வேண்டும் அல்லது நன்றாகக் கீழே இறங்க வேண்டும். மாநிறத்துக்கு இது எடுக்காது, கருப்பாக இருப்பவர் அது போடக் கூடாது என்று கடையில் பக்கத்தில் நின்று சொல்லும் பேச்சை மட்டும் காதில் வாங்கவே வேண்டாம். மஞ்சள் தங்கமும் சிவப்புக்கல்லும் நம் தோல் நிறத்துக்கு எவ்வளவு எடுக்கும் என்பதை நம் ஆச்சிகளின் பழைய போட்டோக்களைப் பார்த்தாலே தெரியும்.

வைரத்துக்கு வருவோம். ஏழு கல் தோடும் எட்டுக்கல் பேசரி என்கிற மூக்குநகையும் இங்கே பல வீடுகளில் பெருமைக்குரிய சொத்து. கடைக்குள் அடிக்கிற விளக்கில் எந்த வைரமும் ஜொலிக்கும், அதை நம்பி எடுப்பது முதல் தவறு. வாசலுக்குக் கொண்டுவந்து நிழலில் வைத்துப் பாருங்கள், வெயிலிலும் பாருங்கள். ப்ளூ ஜாகர் என்று விலை ஏற்றிச் சொல்கிற கற்கள் சில வெயிலில் நீலம் காட்டும், சில பாலாடை படிந்தது போல மங்கும், அந்த வித்தியாசம் விளக்கடியில் தெரியாது. அப்புறம் க்ளோஸ்டு செட்டிங். கல்லுக்குப் பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடிக் கட்டுகிற பழைய முறை அது, பார்வைக்குத் தனி அழகு, ஆனால் பின்பக்கத்திலிருந்து கல்லைப் பார்க்க முடியாது. விற்பவரை நன்றாகத் தெரிந்தால் ஒழிய, சான்றிதழ் இல்லாமல் மூடிய கல்லை வாங்க வேண்டாம். தண்ணீரிலும் முக்கக் கூடாது, உள்ளே ஈரம் போனால் கல் கறுத்துத் தெரியும், மெல்லிய துணியால் துடைப்பதோடு சரி. ஓபன் செட்டிங் தோட்டை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ் வைத்துக் கழுவலாம், கழுவவும் வேண்டும். வைரத்தில் எண்ணெய் எளிதாக ஒட்டும், தலைக்கு எண்ணெய் வைக்கிற நம் வழக்கத்தில் ஒரு மாதத்திலேயே ஒளி குறைந்துவிடும்.

தினமும் போடுகிற வைர மோதிரத்துக்கு 22 காரட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர். 916 தங்கம் மென்மையானது, கல்லைப் பிடிக்கிற கம்பிகள் நாளடைவில் வளைந்து கல் உதிரும். 750 என்று முத்திரை உள்ள 18 காரட் அதைவிட உறுதி. மதிப்புக் குறைவாச்சே என்று நினைப்பவர்கள் உதிர்ந்த கல்லின் விலையையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

பில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹால்மார்க் நகையில் பிஐஎஸ் என்கிற இந்தியத் தரநிலை அமைப்பின் முத்திரை, தரம், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படுகிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி எண் மூன்றும் இருக்க வேண்டும், 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் ஆப்பில் எண்ணைப் போட்டுக் கடையிலேயே சரிபார்க்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல் நகை என்றால் மொத்த எடை, கல் எடை, தங்க எடை மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கல்லுக்கும் தங்க விலை கொடுத்துவிட்டு வருவீர்கள்.

இனி பரிசு. உறவுமுறையில் செய்ய வேண்டியது என்று வரும்போது நாம் மிகவும் தாராளமானவர்கள், ஆனால் அதைப் பெறப் போகிறவரைக் கேட்பதில்லை. மருமகளுக்கு வளையல் வாங்கப் போகிற மாமியார் தன் கையை நீட்டிப் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார். 2.4, 2.6 என்று சொல்கிற அளவு உள்விட்டம், புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு, அதாவது 2.4 என்றால் இரண்டேகால் அங்குலம். ஒரு அளவு மாறினாலும் வளையல் முட்டியைத் தாண்டாது அல்லது கையில் நிற்காது. அந்தப் பெண் தினமும் போடுகிற வளையல் ஒன்றை வாங்கிப் போய் அளவு காட்டுங்கள், அல்லது நேராகவே கேளுங்கள்: "உனக்கு ஒண்ணு வாங்கணும்னு இருக்கேன்மா, நீ எதைப் போடுவே?" இந்தக் கேள்வியால் பரிசின் மதிப்பு ஒன்றும் குறையாது. திடீரென்று கொடுத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற ஆசையில்தான் மூக்குக் குத்தாத பெண்ணுக்கு மூக்குத்தியும், மோதிரமே போடாத மாப்பிள்ளைக்கு கல் மோதிரமும் போய்ச் சேர்கின்றன.

ராசிக்கல் மோதிரம் பரிசாகக் கொடுப்பதையும் தவிர்த்துவிடலாம். நம்புகிறவர் தன் ஜாதகப்படி தானே பார்த்துத்தான் போடுவார், நம்பாதவருக்கு அது தேவையில்லை. குழந்தைக்கு என்றால் கூரான ஓரம், திருகு, உதிரக்கூடிய கல் எதுவும் வேண்டாம், வாயில் போடாத குழந்தை கிடையாது. பிறந்த குழந்தையின் மோதிரம் சில மாதங்களில் சின்னதாகிவிடும், அதற்குப் பதில் பெரிதாக்கிக்கொள்ளக் கூடிய காப்பு நல்லது. வீட்டுப் பழைய நகையைப் பேத்திக்குக் கொடுக்கிற ஆயாக்கள், யார் போட்டது, எப்போது செய்தது, எந்த ஊர் ஆசாரி என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதி நகையோடு வைத்துக் கொடுங்கள். அது தெரிந்த பேத்தி அந்த நகையை அழிக்கக் கொடுப்பதற்கு முன்னால் நிச்சயம் யோசிப்பாள். புது நகை என்றால் பில்லையும் சேர்த்தே கொடுங்கள், விலை தெரிந்துவிடுமே என்ற கூச்சம் வேண்டாம், மாற்றவோ பழுது பார்க்கவோ அது வேண்டியிருக்கும்.

போடுவதில் ஒன்றிரண்டு. பவுடர், சென்ட் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக நகையைப் போடுங்கள், முத்துக்கு சென்டும் வியர்வையும் ஆகவே ஆகாது, மேல்பூச்சு மங்கிவிடும். கனமான ஜிமிக்கியை மாட்டல் இல்லாமல் நாள் முழுக்கப் போட்டால் காது இறங்கும், இறங்கிய காதைத் தைத்துத்தான் சரிசெய்ய முடியும். கவரிங் போட்டுத் தோல் அரித்தால் அதில் நிக்கல் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, "பழகிடும்" என்று போட்டுக்கொண்டே இருக்காதீர்கள், பழகாது, அதிகமாகத்தான் ஆகும். எல்லா நகையையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்தால் வைரம் மற்ற கற்களையும் தங்கத்தையும் கீறும், தனித்தனித் துணியில் சுற்றி வையுங்கள். தோட்டுத் திருகாணியையும் மூக்குத்தித் திருகையும் மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள், மரை தேய்ந்து தளர்ந்திருந்தால் அன்றைக்கே ஆசாரியிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள், திருகு மாற்ற ஆகும் செலவு கொஞ்சம்தான்.