ஸ்போர்ட்ஸ் காருக்கு இரைச்சல் குறைந்த, சொகுசான டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்போர்ட்ஸ் கார் தொழிற்சாலையை விட்டு வரும்போது அதில் பூட்டியிருக்கும் டயர், வேகமாக வளையும்போது சாலையைப் பற்றிக்கொள்வதற்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பிய நொடியில் கார் திரும்புவதற்கும் முதலிடம் கொடுத்துத் தேர்வு செய்யப்பட்டது. அதே காரைப் பெங்களூரில் அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு நாள்தோறும் ஓட்டுகிறவருக்கு அந்த முன்னுரிமை பொருந்துவதில்லை. ஒவ்வொரு பள்ளமும் முதுகுத்தண்டில் இடிக்கிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டாலும் ஓசூர் சாலை மேம்பாலத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. டயர் தேய்ந்து மாற்றும் வேளை வரும்போது, பழைய டயரையே மறுபடியும் வாங்காமல், காரின் குணம் கெடாதபடி இரைச்சலையும் அதிர்வையும் குறைக்கும் டயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை, முதன்முறையாக டயர் வாங்குகிறவரும் பின்பற்றும்படி கீழே எழுதியிருக்கிறேன். பலர் எடுத்த எடுப்பிலேயே எந்தக் கம்பெனி டயர் நல்லது என்று கேட்கிறார்கள். அளவையும் கட்டமைப்பையும் முடிவு செய்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி அது.

படி 1: சத்தம் டயரிலிருந்துதான் வருகிறதா?

போக்குவரத்து குறைந்த நேரத்தில், பாட்டை அணைத்துவிட்டு, ஒரே சீரான வேகத்தில் தார்ச்சாலையிலிருந்து ஒயிட் டாப்பிங் செய்த, அதாவது பழைய சாலையின் மேல் கான்கிரீட் போட்ட சாலைக்கு மாறிப் பாருங்கள். சாலை மாறிய கணமே சத்தத்தின் தன்மையும் மாறினால் அது டயர் சத்தம். சாலை எதுவானாலும் ஒரே மாதிரி உறுமிக்கொண்டு, காரை மெதுவாக இடமும் வலமும் வளைக்கும்போது மட்டும் கூடிக் குறைந்தால், பெரும்பாலும் சக்கரம் சுழல்வதற்குத் துணைநிற்கும் வீல் பேரிங் போய்விட்டது என்று பொருள். அதற்கு எத்தனை விலையுயர்ந்த டயரும் மருந்தாகாது.

அடுத்து, காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்துவிட்டு முன் டயரின் பட்டனை, அதாவது கட்டை கட்டையாக வெட்டப்பட்டுச் சாலையைத் தொடும் ரப்பர்ப் பரப்பைப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சற்றே சாய்த்து வைக்கப்பட்டிருப்பதால், வெளி ஓரம் புதிதுபோல் தெரியும்போதே உள் ஓரம் கம்பி வெளியே வரும் அளவுக்குத் தேய்ந்திருக்கக்கூடும். ஆகவே கண்ணால் பார்த்த பிறகே கையை வையுங்கள். கம்பி தெரியவில்லையென்றால் உள்ளங்கையால் சுற்றுவாக்கில் ஒரு முறையும், அதற்கு எதிர்த்திசையில் ஒரு முறையும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறு திசையில் ஒவ்வொரு கட்டையின் விளிம்பும் கையில் தட்டுப்பட்டால், பட்டன் ரம்பப் பல்லாகத் தேய்ந்திருக்கிறது. நீங்கள் கேட்கும் உறுமலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வீல் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால், அதுவும் சீக்கிரமே இந்த நிலைக்கு வந்துவிடும்.

படி 2: டயரின் மேல் உள்ள எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

எடுத்துக்காட்டாக 225/40 ஆர்18 92ஒய் என்று இருப்பதாகக் கொள்வோம். டயரின் அகலம் 225 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 40 விழுக்காடு, அதாவது 90 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் கட்டமைப்பையும், 18 என்பது ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கும். 92 என்ற சுமைக் குறியீடு ஒரு டயர் 630 கிலோ வரை தாங்கும் என்பதையும், ஒய் என்ற எழுத்து மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும் என்பதையும் சொல்கின்றன. டபிள்யூ என்றால் 270, வி என்றால் 240.

பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் டயரும் பின் டயரும் வெவ்வேறு அளவில் இருக்கும். போர்ஷே 718 கேமனின் 18 அங்குலச் சக்கரத்தில் முன்னால் 235, பின்னால் 265. எனவே நான்கையும் தனித்தனியாகப் பார்த்து எழுதுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; உங்கள் காருக்கு அனுமதிக்கப்பட்ட அளவுகளும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். பக்கச்சுவரில் நட்சத்திரக் குறி இருந்தால் அது பிஎம்டபிள்யூவுக்காகவும், எம்ஓ என்றிருந்தால் மெர்சிடிஸுக்காகவும், ஏஓ என்றிருந்தால் ஆடிக்காகவும், என்0, என்1 போன்றவை இருந்தால் போர்ஷேவுக்காகவும் தனியாகத் தயாரிக்கப்பட்டது என்று பொருள்.

படி 3: பக்கச்சுவரை உயர்த்த முடியுமா என்று பாருங்கள்

சொகுசைப் பொறுத்தவரை வேறு எந்த மாற்றமும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. பள்ளத்தின் அதிர்ச்சியை ஸ்பிரிங்கும் டாம்ப்பரும் (ஷாக் அப்சார்பர்) வாங்கும் முன்னால் டயருக்குள் இருக்கும் காற்றும் வளைந்துகொடுக்கும் பக்கச்சுவரும்தான் வாங்குகின்றன. சுவர் குட்டையாக இருந்தால் வளைவதற்கு இடமில்லை. அதிர்ச்சி ரிம்முக்கும், அங்கிருந்து உங்கள் இருக்கைக்கும் போகிறது. பெங்களூரில் மழைக்காலம் முடிந்ததும் குட்டைச் சுவர் டயர்கள் பக்கத்தில் முட்டையளவு புடைத்துக்கொண்டு கடைக்கு வருவதற்கும், அலாய் ரிம் நெளிவதற்கும் இதுவே காரணம். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கும்போது சுவருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்து, அந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. அப்படிப் புடைத்த டயரை ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது. மாற்றியே ஆக வேண்டும்.

மேலே சொன்ன 225/40 ஆர்18 அளவுக்குப் பதிலாக 17 அங்குல ரிம்மில் 225/45 ஆர்17 போட்டால், பக்கச்சுவர் 90 மில்லிமீட்டரிலிருந்து 101 மில்லிமீட்டராக உயர்கிறது. முழுச் சக்கரத்தின் விட்டமோ 637 மில்லிமீட்டரிலிருந்து 634 ஆகத்தான் குறைகிறது. அரை விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடு என்பதால் ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் குழம்புவதில்லை. 17 அங்குல டயர் பொதுவாக விலையும் குறைவு, கடைகளில் எளிதாகவும் கிடைக்கும்.

ஆனால் இதைச் செய்யும் முன் மூன்றை உறுதி செய்தாக வேண்டும். சிறிய ரிம், பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரில் இடிக்காமல் உட்கார வேண்டும். பெரிய பிரேக் கொண்ட மாடல்களில் பல நேரம் உட்காராது. சுமைக் குறியீடு குறையக் கூடாது: 225/45 ஆர்17 அளவில் சாதாரண டயரின் குறியீடு 91, அதாவது 615 கிலோ. உங்கள் கார் ஸ்டிக்கர் அந்த அளவுக்கு 91 போதும் என்று சொல்லவில்லையென்றால், 670 கிலோ தாங்கும், கூடுதல் சுமைக்கான 94 எக்ஸ்எல் வகையைக் கேளுங்கள். மூன்றாவதாக, ரிம்மின் போல்ட் துளை வட்டம், நடுத்துளை, ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) ஆகியவை பழைய ரிம்மோடு பொருந்த வேண்டும். அதே மாடலின் கீழ்நிலை வகைக்குக் கார் நிறுவனமே கொடுத்த சிறிய அலாய் வீல் கிடைத்தால் இவற்றில் பெரும்பாலானவை தாமாகவே சரியாகிவிடும். காலிப்பர் இடைவெளியை மட்டும் பூட்டிப் பார்த்துவிடுங்கள். நான்கு சக்கர இயக்கம் கொண்ட கார்களில் முன்னும் பின்னும் சுற்றளவு ஒத்துப்போக வேண்டும் என்பதால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ரிம்மை மாற்ற முடியாதவர்கள், இருக்கும் ரிம்மில் இன்னும் அகலமான டயர் போடும் ஆசையையாவது விட்டுவிடுங்கள். அகலம் கூடக்கூட இரைச்சலும் கூடும்.

படி 4: ரன்ஃப்ளாட்டை வைத்துக்கொள்வதா, விடுவதா?

காற்று முழுவதும் போன பிறகும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட வேண்டும் என்பதற்காக ரன்ஃப்ளாட் டயரின் பக்கச்சுவரில் கூடுதல் ரப்பர் வைத்திருக்கிறார்கள். காற்று இருக்கும் மற்ற எல்லா நாட்களிலும் அந்த விறைப்பை நீங்கள்தான் சுமக்கிறீர்கள். சாதாரண டயருக்கு மாறினால் வித்தியாசம் முதல் வேகத்தடையிலேயே தெரியும். மாறுகிறவர்கள் ஸ்டெப்னிக்கு இடமில்லாத காரில் காற்றடிக்கும் கருவியும் பஞ்சர் கிட்டும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தக் கண்காணிப்பு வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். 2020 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளும், டியூப்லெஸ் டயர், அழுத்தக் கண்காணிப்பு, பழுதுபார்க்கும் கிட் ஆகியவை இருந்தால்தான் ஸ்டெப்னி இல்லாத காரை ஏற்றுக்கொள்கின்றன. இரவில் குடும்பத்தோடு கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக அடிக்கடி சென்னை போய்வருகிறவர் ரன்ஃப்ளாட்டையே வைத்துக்கொள்ள நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. ரன்ஃப்ளாட்டும் சாதாரண டயரும் ஒரே காரில் கலந்திருக்கக் கூடாது.

படி 5: டயரின் வகையை முடிவு செய்யுங்கள்

டயர் சத்தம் இரண்டு விதம். பட்டன் கட்டைகள் ஒவ்வொன்றாகச் சாலையில் அறைவதாலும், அவற்றுக்கு இடையிலுள்ள வரிப்பள்ளங்களில் அடைபட்ட காற்று பிதுங்கி வெளியேறுவதாலும் எழுவது கூர்மையான இரைச்சல். கட்டைகள் எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் இந்த அறைகள் சேர்ந்து ஒற்றைச் சுருதியில் ஊளையிடும். அதனால் நல்ல டயரைச் சுற்றிலும் உற்றுப் பார்த்தால் அடுத்தடுத்த கட்டைகள் ஒன்றுக்கொன்று சற்றே நீளம் மாறி வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். கரடான சாலையிலும் மேம்பால இணைப்புகளிலும் கேட்கும் தாழ்ந்த முழக்கம் வேறு. டயருக்குள் இருக்கும் காற்றுவளையம், காலிக் குடத்தைத் தட்டியதுபோல், ஏறத்தாழ 200 முதல் 250 ஹெர்ட்ஸில் அதிர்வதால் வருவது அது.

கூர்மையான இரைச்சல்தான் உங்கள் தொல்லை என்றால், மிஷெலின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா, பிரெலி பீ ஸீரோ போன்ற முழு ஸ்போர்ட்ஸ் வரிசையிலிருந்து ஒரு படி இறங்கி, சொகுசுக்காக வடிவமைத்த வரிசைக்கு வாருங்கள். மிஷெலினில் ப்ரைமசி, யோகோஹாமாவில் அட்வான் டிபி, பிரிட்ஜ்ஸ்டோனில் டுரான்சா, பிரெலியில் சின்டுராட்டோ, கான்டினென்டலில் பிரீமியம்கான்டாக்ட் ஆகியவை அப்படிப்பட்டவை. ஸ்டீயரிங்கின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். நந்தி மலை வளைவுகளில் அதை உணர்வீர்கள். வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும், இருபுறமும் பட்டன் மாறுபட்ட டயர்களை, அம்புக்குறி போட்ட ஒருதிசை டயர்களைவிட நான் விரும்புகிறேன். அவை தேயத் தேயச் சத்தம் ஏறுவது குறைவு.

தாழ்ந்த முழக்கம் தொல்லை என்றால், உட்புறத்தில் பாலியூரித்தேன் நுரைப் பட்டை ஒட்டிய டயர் உங்கள் அளவில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கான்டினென்டலில் கான்டிசைலன்ட், மிஷெலினில் அக்கூஸ்டிக், பிரெலியில் பிஎன்சிஎஸ் என்ற பெயர்களில் வருகின்றன. பஞ்சரானால், உள்ளிருந்து ஒட்டுப்போட அந்த இடத்து நுரையை வெட்டியெடுக்க வேண்டும். எல்லாப் பஞ்சர் கடையிலும் இது தெரியாது.

படி 6: லேபிளை ஒழுங்காகப் படியுங்கள்

ஐரோப்பாவில் விற்கும் டயர்களுக்கான லேபிளில் ஈரச்சாலைப் பிடிமானம் ஏ முதல் இ வரையும், இரைச்சல் டெசிபெல் எண்ணாகவும் இருக்கும். டயரோடு லேபிள் வராவிட்டால், எப்ரெல் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுதளத்தில் மாடல் பெயரும் அளவும் கொடுத்துத் தேடலாம். ஒரே மாடல் அளவுக்கு அளவு மாறுபடும். உங்கள் அளவையே பாருங்கள்.

இரைச்சலுக்குக் கொடுக்கும் ஏ, பி, சி எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அது டயரின் அகலத்துக்கேற்ற வரம்பை வைத்துத் தரப்படுவது. 225 அகல டயரின் வரம்பு 71 டெசிபெல்; 275-ஐத் தாண்டினால் 74. வரம்புக்கு 3 டெசிபெல் கீழே இருந்தால் ஏ. ஆகவே 68 டெசிபெல் எழுப்பும் 225 டயரும், 71 டெசிபெல் எழுப்பும் 285 டயரும் ஒரே ஏ வாங்கும். 3 டெசிபெல் என்பது ஒலியாற்றலில் இரு மடங்கு. மேலும், இந்த அளவு 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில், எஞ்சினை அணைத்துவிட்டு ஓடும் காரிலிருந்து பதிவானது. காருக்குள் உங்கள் காதில் விழுவதை அது நேரடியாகச் சொல்லாது. ஒப்பிட உதவும், அவ்வளவே.

ஈரப் பிடிமானத்தில் ஏ அல்லது பி இல்லாத டயரை, எவ்வளவு அமைதியானதென்றாலும், ஸ்போர்ட்ஸ் காருக்கு வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பர், அக்டோபர் மாலை மழையில் இந்த ஊரில் பிரேக் அடித்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. வேகக் குறியீட்டையும் கார் நிறுவனம் சொன்னதற்குக் கீழே இறக்காதீர்கள்.

படி 7: வாங்குதல்

2020 ஜூன் முதல் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் 19 அங்குல, 20 அங்குல அளவுகள் சில கிடைக்கத் தாமதமாகலாம். பட்டன் 1.6 மில்லிமீட்டர் என்ற சட்ட எல்லையைத் தொடும்வரை காத்திராமல், 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே ஜேசி ரோடு கடைகளிலும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்களிடமும் விலை கேட்கத் தொடங்குங்கள். பூட்டும் முன் பக்கச்சுவரில் ஐஎஸ்ஐ முத்திரையையும், தயாரிப்புத் தேதியைக் காட்டும் நான்கு இலக்கங்களையும் நீங்களே பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு டயரையும் பாருங்கள். ஒன்று மட்டும் பழையதாக இருப்பது உண்டு.

படி 8: பூட்டிய பிறகு

பேலன்சிங்கும் நான்கு சக்கர அலைன்மென்ட்டும் அன்றே செய்து, அளவீட்டுத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்றை டயர் குளிர்ந்திருக்கும் காலையில், ஸ்டிக்கரில் உள்ளபடி அடியுங்கள். பல கார்களில் இரண்டு மூன்று பேருக்கு ஓர் அழுத்தமும் முழுச் சுமைக்கு வேறொன்றும் போட்டிருப்பார்கள். தனியாக ஓட்டுகிறவர் முழுச் சுமை அழுத்தத்தில் ஓட்டினால் வாங்கிய சொகுசில் பாதி வீணாகும். சொகுசுக்காக அந்த எண்ணுக்கும் கீழே இறக்கினால் டயர் சூடேறிச் சேதமாகும், ரிம்மும் அடிவாங்கும். புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும் என்பதால் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். அமைதியையும் பிடிமானத்தையும் அதன் பிறகே மதிப்பிடுங்கள். முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் போல்ட்டுகளை, குறித்த அளவு விசையில் இறுக்கும் டார்க் ரென்ச்சால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.