போர்ட் லூயிஸில் ஒரு நாள்: பத்திர வேலையை அதில் சேர்க்காதீர்கள்

மொரீசியஸிலிருந்து பிரான்சுக்கோ இங்கிலாந்துக்கோ குடிபெயர்ந்து, டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகும் குடும்பங்கள் தலைநகருக்கென ஒரு நாளை ஒதுக்குவது வழக்கம். அந்த நாளைக் குறித்து நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் ஒரே எச்சரிக்கைதான். போர்ட் லூயிஸ் அலுவலக நேரத்தில் மட்டும் விழித்திருக்கும் ஊர். நீங்கள் காண விரும்பும் இடங்களும், உறவினர்கள் உங்களை அழைத்துப்போக விரும்பும் அலுவலகங்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடுகின்றன. ஆகவே இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மேட்டுநில ஊர்களான குயூர்பீப், காத்ர் போர்ன், ரோஸ் ஹில் பக்கம் தங்குவோர் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு மெட்ரோவில் வருவது நல்லது. காலை நெரிசலில் நெடுஞ்சாலையில் நிற்பதைவிட விக்டோரியா நிலையத்தில் இறங்கி நடப்பது எளிது. மலைகள் சூழ்ந்த இந்நகரில் டிசம்பர் வெயில் மேட்டுநிலத்து வெயிலைப் போன்றதன்று என்பதை அங்கேயே பிறந்தவர்களும் சில ஆண்டுகளில் மறந்துவிடுகிறோம். மத்தியச் சந்தையில் முருங்கைக்கீரைக் கட்டுகளையும் பச்சை மிளகாயையும் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவது தெரியாது. சப்ஜா விதையும் அகர் அகரும் மிதக்கும் ஆலூதா என்ற குளிர்ந்த பால் பானத்தை அங்கேயே குடித்துவிடுங்கள். பாரிசின் புறநகரில் என் மனைவி எவ்வளவு முயன்றும் அந்தச் சுவை வருவதில்லை. அதற்குப் பாலைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். கைலாசம் கோயில் என்று ஊரார் அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் நகரின் வடபுறத்தில் இருக்கிறது. அதற்கு வேறொரு காலையை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் திட்டத்தில் காலையில் சந்தை, அதன்பின் முன்னோர் கப்பலில் வந்திறங்கிய துறையான ஆப்ரவாசி காட், பிற்பகலில் கோடான் துறைமுகப் பகுதியில் அரிய தபால்தலைகள் உள்ள ப்ளூ பென்னி அருங்காட்சியகம் என்று வரிசை இருந்தது. முந்தின இரவு உணவின்போது அத்தை, "நீ எப்படியும் நகரத்துக்குத்தானே போகிறாய், ஐயா? போகிற வழியில் ஒரு கையெழுத்து. பத்து நிமிடம்" என்றார். தாத்தா விட்டுச்சென்ற நிலம் இன்னும் பிரிக்கப்படாமல் வாரிசுகள் அனைவருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. அதில் ஒரு பகுதியை விற்க ஒருவர் கையெழுத்து குறைந்தாலும் முடியாது. ஆண்டு இறுதி விடுமுறைக்காக அலுவலகங்கள் மூடும் நேரம் நெருங்கியிருந்தது. பாட்டியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அத்தை. அடக்கத்துக்குக்கூட நான் வந்து சேரவில்லை. அப்படிப்பட்டவரிடம் சுற்றுலாத் திட்டத்தைக் காட்டி மறுப்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

நொத்தேர் (அந்நாட்டில் பத்திரம் எழுதி நிறைவேற்றும் சட்ட அலுவலர்) இருந்த இடம் 1822-இல் திறக்கப்பட்ட பழைய நாடக அரங்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பதினொரு மணிக்கு வரச்சொன்னவர்கள் எங்களை உட்காரவைத்துவிட்டு வேறு குடும்பங்களை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது முதலில் எழுந்த கேள்வி நிலத்தைப் பற்றியதே அன்று: நான் எந்தத் திருமணச் சொத்து முறையின்கீழ் மணம் புரிந்தேன், சொத்து இருவருக்கும் பொதுவா தனித்தனியா, அதற்குச் சான்று எங்கே? வெளிநாட்டில் மணம் முடித்தவன் விடுமுறைக்கு வரும்போது திருமணச் சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வருவான் என்று எதிர்பார்ப்பது அவர்கள் அனுபவத்தில் நியாயமாக இருக்கலாம். அடுத்து, பிறப்புச் சான்றிதழில் குடும்பப் பெயர் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் ஓர் எழுத்து கூடுதலாகவும் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு உறுதிமொழி வேண்டும்; அதற்குப் புதிதாக எடுத்த பிறப்புப் பதிவு நகல் வேண்டும்; அந்த நகலுக்கு வேறோர் அலுவலகத்தின் சாளரத்தில் எண் எடுத்துக் காத்திருக்க வேண்டும். அங்கே மின்விசிறிக்குக் கீழே இருந்த ஒரே இருக்கையை அத்தைக்குக் கொடுத்துவிட்டு நின்றேன். நகல் கைக்கு வந்து திரும்பியபோது நொத்தேர் மதிய உணவுக்குப் போயிருந்தார். பின்னர் பத்திரம் முழுவதையும் பிரெஞ்சில் உரக்கப் படித்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சுருக்கொப்பம் இட்டோம். அத்தை என் கையைப் பிடித்து, "நீ வந்தால்தானே எதுவும் நடக்கிறது" என்றார். அது நன்றியா குறையா என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

இதற்கிடையே மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தபால்தலைகளைப் பார்க்கப் போய்விட்டாள். 1847-இல் அச்சான ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் தலைகளை உள்நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து 1993-இல் வாங்கித் தீவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தன. நிறம் மங்காதிருக்க அசல் தலைகளின்மேல் குறிப்பிட்ட நேரங்களில் பத்து நிமிடம் மட்டுமே விளக்கு எரிகிறது. நுழைந்தவுடன் அந்த நேரத்தைக் கேட்டுவிட வேண்டும். அவர்கள் சரியாகக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். என்னோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று ஆப்ரவாசி காட்டை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாயில் பூட்டியிருந்தது. 1834-க்கும் 1920-க்கும் இடையே ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய துறை அது. 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அவர்கள் ஏறிய பதினாறு கற்படிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகவே அந்த நாளை நான் ஒதுக்கியிருந்தேன். "திறக்கும் நேரம் தெரியாதா அப்பா?" என்று மகன் கேட்டான். தெரியும் என்றேன்.

ஆகவே கையெழுத்து எதுவாயினும் புறப்படுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். உங்கள் நாட்டில் உள்ள மொரீசியஸ் தூதரகத்தின் வழியாக, நம்பகமான உறவினர் பெயரில் குறிப்பிட்ட ஒரு செயலுக்கு மட்டுமான அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். அதன் வாசகத்தை ஊரிலுள்ள நொத்தேரிடமிருந்தே முன்கூட்டிப் பெற்றுக்கொண்டால் பிறகு திருத்தம் சொல்ல இடமிருக்காது. எல்லாவற்றுக்கும் பொதுவான அதிகாரத்தை மட்டும், எவ்வளவு அன்பானவர் கேட்டாலும், கொடுக்க வேண்டாம். நேரில்தான் வர வேண்டும் என்றால், அண்மையில் எடுத்த பிறப்பு, திருமணச் சான்றிதழ்களும் கடவுச்சீட்டும் தேவைப்படும். வெளிநாட்டுச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (ஓர் ஆவணம் வேறு நாட்டில் செல்லுபடியாக இடும் உறுதி) முத்திரை வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்து வேறுபட்டால் அதற்கான உறுதிமொழியே ஒரு தனி நாள் வேலை. முன்னோரின் குடியேற்றப் பதிவைத் தேடுவோர் கவனிக்க: அந்த ஆவணக் காப்பகம் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கிறது. அதையும் தலைநகர் நாளோடு சேர்க்க வேண்டாம்.

காலை ஒன்பது மணிக்கு முதலில் ஆப்ரவாசி காட்டுக்குப் போங்கள். சனிக்கிழமை நண்பகலோடு மூடிவிடுவார்கள், ஞாயிறு திறப்பதில்லை. அருகிலேயே இருக்கும் சந்தையை அதன்பின் வைத்துக்கொள்ளலாம். வெயில் தாழ்ந்தபின் கோட்டை மேட்டில் ஏறினால் துறைமுகமும் 1812-இலிருந்து நடக்கும் குதிரைப் பந்தயத் திடலும் ஒருங்கே தெரியும். தலைநகருக்குப் போகும் செய்தியை முந்தின இரவு உணவு மேசையில் சொல்லாதீர்கள். திரும்பி வந்து புகைப்படம் காட்டும்போது சொன்னால் போதும்.