எட்டப்பன் என்று யாரைச் சொல்லலாம்?

நீங்கள் தாமதமாக வந்ததை மேனேஜரிடம் போட்டுக்கொடுத்த ஆளை 'எட்டப்பன்' என்று திட்டலாமா? தாராளமாக. கூடவே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு எதிராளிக்குத் தகவல் சொல்பவன் என்பதுதான் இன்றைய பொருள். வெளிப்படையாகக் கட்சி மாறியவரை அப்படிச் சொல்வதுதான் பொருந்தாது. மேடைகளில் சொல்கிறார்கள், ஆனால் அறிவித்துவிட்டுப் போனவர் துரோகியாக இருக்கலாமே தவிர எட்டப்பன் இல்லை.

சரி, யார் அந்த எட்டப்பன் என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், முதலில் அது ஒரு ஆளின் பெயரே இல்லை என்று சொல்லுங்கள். எட்டயபுரம் பாளையக்காரர்கள் வழிவழியாகச் சூடிக்கொண்ட பட்டம் அது. சோமன் என்ற மல்லனைக் கொன்ற அவர்களுடைய மூதாதை ஒருவர், ஆதரவில்லாமல் நின்ற அவனுடைய தம்பிகள் எட்டுப் பேருக்கும் அப்பனாக இருந்ததால் வந்த பட்டம் என்பது அந்த வம்சத்துக் கதை. கௌரவமான பெயர்தான்!

அப்புறம் 1799-ல் நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள், ஏனென்றால் பலரும் குழம்புவது இங்கேதான். செப்டம்பரில் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், மேஜர் பானர்மேன் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது எட்டயபுரம் கும்பினி பக்கம் நின்றது. கட்டபொம்மன் தப்பிப் புதுக்கோட்டைச் சீமைக் காட்டுக்குப் போனார். அங்கே அவரைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டை அரசர் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு. பிடித்துக்கொடுத்தவர் ஒருவர், பழி நிலைத்தது இன்னொருவர் பெயரில்.

அதற்காக எட்டப்பரை உத்தமர் ஆக்கிவிட வேண்டாம். வெள்ளைக்காரனுக்கு உதவினார், பாஞ்சாலங்குறிச்சியின் நிலத்தில் பங்கும் கிடைத்தது. ஆனால் இரண்டு பாளையங்களுக்கும் அதற்கு முன்பே எல்லைத் தகராறு உண்டு, கட்டபொம்மனோடு அவர் தோழராக இருந்ததே இல்லை. கூட இருந்து குழி பறிப்பவன் என்று நாம் சொல்லும் பொருளுக்கு அசல் எட்டப்பரே பொருந்தமாட்டார் என்பதுதான் வேடிக்கை. கட்டபொம்மன் கதைப்பாடல்கள் தெற்கே முன்பே உண்டு என்றாலும், 1959-ல் வந்த சிவாஜி படம்தான் எட்டப்பனை மாநிலம் முழுக்க வில்லனாக்கியது என்பேன்.

வேறு ஆள்பெயர் வசவுகளையும் இப்படியே துருவலாம். பெயரா பட்டமா, அந்த ஆள் உண்மையில் செய்தது என்ன, கதையைப் பரப்பியது யார், இந்த மூன்றைக் கேட்டால் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும். சகுனி, கூனி மாதிரி புராண ஆட்களுக்கு இது தேவையில்லை, கதையிலேயே எல்லாம் இருக்கிறது.

எட்டயபுரத்துக்காரர்களிடம் மட்டும் இதை ஜோக்காக எடுத்துவிடாதீர்கள், கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். பாரதி 1882-ல் பிறந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள், இல்லை முத்துசாமி தீட்சிதர் சமாதிக்கு வழி கேளுங்கள்.