கெர்னல் டெஸ்ட்: 'ஓகே' வந்ததும் நம்பிவிடாதீர்கள்

ஞாயிறுதோறும் தர்மபுரியில் எங்கள் வீட்டு மாடிக்கு நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு அதைச் சோதிக்கவென்றே வரும் செல்ஃப்டெஸ்டுகளை பில்ட் செய்து, வேறொரு போர்டில் (சின்னக் கம்ப்யூட்டரில்) இன்ஸ்டால் செய்து ஓட்டப் பழகுகிறார்கள். போன வாரம் ஒரு பெண், "அண்ணா, எல்லாமே ஓகே வந்துடுச்சு" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே 'ஓகே' ஒரு காலத்தில் என்னை மூன்று வாரம் ஏமாற்றியது. செமிகோலன் விட்டதையெல்லாம் கம்பைலரே சொல்லிவிடும், அதை இங்கே எழுதவில்லை. யாரும் சொல்லாத தவறுகள்தான் கீழே, ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

சோர்ஸ் ஃபோல்டரிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு திருப்திப்படுவது

டூல்ஸ்/டெஸ்டிங்/செல்ஃப்டெஸ்ட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஒவ்வொரு டெஸ்ட் தொகுப்புக்கும், எதை பில்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு மேக்ஃபைல் உண்டு. ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகள் டெஸ்ட்_ப்ராக்ஸில், கம்பைல் ஆகி வரும் பைனரிகள் டெஸ்ட்_ஜென்_ப்ராக்ஸில், அவற்றுக்குத் துணையாகப் போக வேண்டியவை டெஸ்ட்_ஃபைல்ஸில். மேக் இன்ஸ்டால் என்ற கட்டளை இந்தப் பட்டியல்களைப் பார்த்துத்தான் எடுத்துப் போகும். பக்கத்தில் கிடக்கிறதே என்று எதையும் அள்ளிக்கொள்ளாது.

என் ஸ்கிரிப்ட் பொதுவான ஃபங்ஷன்களை ஹெல்ப்பர் கோப்பு ஒன்றிலிருந்து எடுத்தது. அந்தக் கோப்பை டெஸ்ட்_ஃபைல்ஸில் சேர்க்க மறந்துவிட்டேன். லேப்டாப்பில் ஹெல்ப்பர் பக்கத்திலேயே இருந்ததால் குறையே தெரியவில்லை. போர்டு இருந்ததோ ஓசூரில்.

ஹெல்ப்பர் இல்லையென்றால் டெஸ்ட் விழுந்திருக்க வேண்டும்தானே? விழவில்லை. சோர்ஸ் செய்ய, அதாவது உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்ன கோப்பு கிடைக்காவிட்டால், ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஃபங்ஷன் கிடைக்காவிட்டாலும் அப்படியே. தோல்வியைக் குறித்துவைக்கும் $ரெட் என்ற வேரியபிளும் ஹெல்ப்பருக்குள்தான் இருந்தது, ஆக அது காலி. ஸ்கிரிப்டின் கடைசி வரி 'எக்ஸிட் $ரெட்'. வேரியபிள் காலியென்றால் அதற்கு முன் ஓடிய கமாண்டின் முடிவோடு பாஷ் வெளியேறும். முன் ஓடியது திரையில் ஒரு வரி எழுதும் எக்கோ. எக்கோ என்றைக்குத் தோற்றது? பூஜ்யம் வந்தது, பூஜ்யம் என்றால் வெற்றி, டெஸ்டுகளை ஓட்டும் ரன்னர் 'ஓகே' எழுதியது.

நாங்கள் ரன்னர் எழுதும் லாகில் 'நாட் ஓகே' இருக்கிறதா என்று மட்டும் கிரெப் அடித்து, அதாவது தேடிக்கொண்டிருந்தோம். எதையுமே சோதிக்காத டெஸ்ட் மூன்று வாரம் பாஸாகிக்கொண்டிருந்தது! கடைசியில் கெர்னலை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பினேன். அப்போதும் 'ஓகே'. மறுநாள் காலை ஓசூர் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பஸ் நின்ற நேரத்தில் போனில் முழு லாகையும் முதல் வரியிலிருந்து படித்தேன். 'நோ சச் ஃபைல்' நாலாவது வரியிலேயே இருந்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம்.

இப்போது இன்ஸ்டால்_பாத் கொடுத்து காலி ஃபோல்டருக்குள் இன்ஸ்டால் செய்கிறேன். அந்த ஃபோல்டரை மட்டும் ஒரு க்யூஎம்யூ மெஷினுக்குள் (லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் போலிக் கம்ப்யூட்டர்) போட்டு, அதிலிருக்கும் ரன்_கேசெல்ஃப்டெஸ்ட் ஸ்கிரிப்டால் ஓட்டுகிறேன். ஹெல்ப்பரை சோர்ஸ் செய்யும் வரியிலேயே, கிடைக்காவிட்டால் எக்ஸிட் 1 என்று எழுதுகிறேன். அந்தப் பெண்ணையும் இப்படியே செய்யச் சொன்னேன். பன்னிரண்டு டெஸ்டில் ஐந்து 'நாட் ஓகே'. முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

பில்ட் முடிந்தது, ஆகவே எல்லாம் பில்ட் ஆனது

இல்லை. ஒரே ஒரு தொகுப்பு தேறினாலும் மேலே இருக்கும் மேக் வெற்றி என்றுதான் சொல்லும். ஃபோர்ஸ்_டார்கெட்ஸ்=1 கொடுங்கள், ஒன்று விழுந்தாலும் நின்றுவிடும்.

ஸ்கிப்பை பாஸாக எண்ணுவது

எக்ஸிட் 4 என்றால் ஸ்கிப், அதாவது டெஸ்ட் ஓடாமல் தாண்டப்பட்டது. அது லாகில் 'ஓகே' என்றே தொடங்கும், கூடவே ஸ்கிப் என்று குறித்திருக்கும். அதையும் தனியாக எண்ணுங்கள். நிறைய ஸ்கிப் வந்தால் கெர்னல் கன்ஃபிக் (கெர்னலில் எவை இருக்க வேண்டும் என்ற தேர்வுகள்) போதவில்லை என்று சந்தேகப்படலாம், டெஸ்டுகளுக்கு வேண்டிய தேர்வுகளைச் சேர்க்கும் மேக் கேசெல்ஃப்டெஸ்ட்-மெர்ஜ் அதற்குத்தான்.

பழைய ஹெட்டர்

கெர்னலின் ஹெட்டர் கோப்புகளை வைத்துத்தான் டெஸ்ட் பில்ட் ஆகும். ஆகவே பில்ட் செய்யும் முன் முதலில் மேக் ஹெட்டர்ஸ்.

அத்தனையும் பில்ட் செய்வது

டைமர் டெஸ்டுகள் மட்டும் வேண்டுமென்றால் டார்கெட்ஸ்=டைமர்ஸ் போதும், எல்லாவற்றையும் பில்ட் செய்ய நேரமாகும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது.

சொந்த லேப்டாப்பில் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு ஓட்டுவது

வேண்டாம்.