வேனுக்குள் ஒரு வீடு: தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதியில் கேரவன் பயணம் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

சமையல் மேடை, படுக்கை, தண்ணீர்த் தொட்டி, சிறு கழிப்பறை ஆகியவற்றைக் கொண்ட வேனை நம் ஊரில் பொதுவாகக் கேரவன் என்றே அழைக்கிறோம். இதை வாங்க விரும்புவோர் பெரும்பாலும் படுக்கை விரிப்பின் நிறத்தில் தொடங்கி, வண்டியின் எடையில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பழைய டெம்போ டிராவலர் ஒன்றைக் கேரவனாக மாற்றித் தருமபுரியிலிருந்து ஓட்டத் தொடங்கிய பிறகுதான், எடை, தண்ணீர், மின்சாரம் ஆகிய மூன்றின் கணக்கைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே வசப்படும் என்பது புரிந்தது. இந்தக் கட்டுரை அந்த மூன்றைச் சுற்றியே செல்கிறது.

படி 1: காகிதங்களை முதலில் முடியுங்கள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்புக்கு மாறாக ஒரு வண்டியை நம் விருப்பப்படி மாற்றிவிட முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. ஆகவே இருக்கைகளைக் கழற்றுவதற்கு முன்பே, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எந்த மாற்றம் அனுமதிக்கப்படும், எந்த வகையாக ஆர்.சி.யில் பதிவாகும் என்று கேட்டு, எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள். மாற்றம் ஆர்.சி.யில் ஏறாவிட்டால், விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகையை மறுப்பதற்கு அதுவே ஒரு காரணமாகிவிடும். காப்பீட்டிலும் வண்டியின் புதிய வகை குறிப்பிடப்பட வேண்டும். ஃபாஸ்டேக்கில் பழைய வகையே இருந்தால் சுங்கச்சாவடியில் வாக்குவாதம் எழும். அதையும் பொருத்தமாக மாற்றிவிடுங்கள்.

லாரிக்குப் பாடி கட்ட நாமக்கல்லும், பேருந்துக்குக் கரூரும் பெயர் பெற்றவை என்பது தெரிந்ததே. தருமபுரியிலிருந்து இரண்டுமே எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பாடி கட்டுபவருக்கு உறுதிதான் முதல் குறிக்கோள். கனமான இரும்புச் சட்டம், தடித்த பிளைவுட், அதன்மேல் மைக்கா என்று அடுக்கிக்கொண்டே போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எடை வரம்பை வேலை தொடங்கும் முன்பே சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

படி 2: எடைமேடையில் ஒரு முறை ஏற்றுங்கள்

கிரானைட்டும் மாங்காயும் லாரி லாரியாகப் போகும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. உள்வேலை முடிந்ததும் வண்டியைக் காலியாக ஒரு முறையும், தண்ணீர், சிலிண்டர், சாமான்கள், ஆட்கள் என அனைத்துடன் ஒரு முறையும் எடை போடுங்கள். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் அளவும், பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் அளவும் எடுத்தால், பாரம் எந்த அச்சில் கூடுதலாக விழுகிறது என்பது தெரியும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையை எந்த நிலையிலும் தாண்டக் கூடாது. இலகுரக வாகன உரிமத்தில் ஓட்டுவதாக இருந்தால், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, அரிசி மூட்டை போன்ற கனமானவை தரையோடு ஒட்டி, இரண்டு அச்சுகளுக்கும் இடையில் இருக்கட்டும். மேல் அலமாரியில் துணி, தலையணை, காலி டப்பா ஆகியவை மட்டும் போதும். ஒவ்வொரு கதவுக்கும் அழுத்தித் திறக்கும் பூட்டு தேவை. காந்தப் பூட்டு வளைவில் நிற்காது. ஒகேனக்கல் மலைப்பாதையின் ஒரு வளைவில் எங்கள் மேல் அலமாரி திறந்து, புளிக்காய்ச்சல் பாட்டில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் விழுந்து உடைந்தது. அந்த வாசனை இரண்டு மாதம் போகவில்லை.

வண்டியின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். சூரியத் தகடும் ஏசியும் ஏறிய பிறகு கூரை முன்பிருந்த உயரத்தில் இருக்காது. புதிய அளவை மீட்டரிலும் அடியிலும் எழுதி, ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். ரயில் பாதைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாலத்தின் முன் நிற்கும்போது, அளவை நினைவிலிருந்து தேடக் கூடாது.

படி 3: தண்ணீர்

இதில் நம் இரு மாவட்டங்களுக்கும் ஒரு தனிக் கதை உண்டு. இங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அளவு கூடுதலாக இருப்பதால்தான், ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில்கூட 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பழுப்புக் கறை படிந்த பற்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வருவோர் கவனிக்க வேண்டியது ஒன்று: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குடிநீரையோ ஆர்.ஓ. நீரையோ தனிக் கேனில் எடுத்துக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீரைப் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் தொட்டியில் நிரப்பிக்கொள்ளலாம்.

அந்தப் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். ஓரிரு மாதங்களில் பம்பின் வடிகட்டியிலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவு தெரியும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) வெந்நீரில் கரைத்து, அந்தப் பாகங்களை ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் படிவு கரைந்துவிடும்.

இரண்டு பேர் இரண்டு நாள் தங்க 60 முதல் 80 லிட்டர் போதும். 80 லிட்டர் என்பது 80 கிலோ. கூடுதலாக ஓர் ஆளை ஏற்றிச் செல்வதற்குச் சமம். பாதி நிரம்பிய தொட்டியில் நீர் அலைமோதி, பிரேக் பிடிக்கும்போது வண்டியை முன்னால் தள்ளும். எனவே தொட்டியை முழுவதும் நிரப்பிக் கிளம்புங்கள்; போகுமிடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்பது உறுதியானால், காலியாகவே கிளம்பலாம்.

புதிய தொட்டியையும், வெகுநாள் கிடந்த தொட்டியையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். 100 லிட்டர் நீருக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 100 மில்லி சேர்த்து, எல்லாக் குழாய்களிலும் அந்த வாசனை வரும் வரை திறந்துவிட்டு மூடுங்கள். நான்கு மணி நேரம் கழித்து வடித்து, வாசனை போகும் வரை நல்ல நீரால் அலசுங்கள். நறுமணம் சேர்த்த கரைசலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

கழிவுநீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாத்திரம் கழுவிய நீருக்குத் தனித் தொட்டி இருக்கட்டும். சாலையோரத்தில் திறந்துவிட வேண்டாம். கையடக்கக் கழிப்பறையின் தொட்டியை, செப்டிக் டேங்க் இணைந்த கழிப்பறையில் மட்டுமே கொட்ட வேண்டும். ஆற்றங்கரை அதற்கான இடமன்று.

படி 4: மின்சாரக் கணக்கு

ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பொருளின் வாட்டையும், அது ஓடும் நேரத்தையும் பெருக்கி எழுதுங்கள். என் வண்டியில் ஒரு நாள் கணக்கு இது: 30 வாட் மின்விசிறி 8 மணி நேரத்துக்கு 240 வாட் மணி; 45 வாட் சிறு குளிர்பெட்டி நாளில் பாதி நேரம் ஓடுவதால் 540; 5 வாட் விளக்குகள் மூன்று, 4 மணி நேரத்துக்கு 60; கைப்பேசிகளுக்கு 60; தண்ணீர்ப் பம்புக்கு 15. மொத்தம் 915 வாட் மணி.

12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட் மணி அடங்கும். அதில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தினால் 1,024 கிடைக்கும். அதாவது வெயிலே இல்லாவிட்டாலும் ஒரு நாள் தாங்கும், மறுநாள் தாங்காது. லெட் ஆசிட் பேட்டரியாக இருந்தால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால், அதே வேலைக்கு ஏறத்தாழ 1.6 மடங்கு திறனும், அதைவிடக் கூடுதலான எடையும் சேரும். 300 வாட் சூரியத் தகடு, நல்ல வெயில் 4 மணி நேரம் கிடைத்தால் 1,200. இழப்புகளைக் கழித்தால் சுமார் 900. கணக்கு ஏறக்குறைய நேராகிறது அல்லவா?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மாந்தோப்பு நிழலில் வண்டியை நிறுத்த எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் தகட்டின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே உற்பத்தி பெருமளவு குறைந்துவிடும். மாம்பழக் காலத்தில் பழம் விழுந்து தகடு உடையும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். கோடையில் நான் காலை வெயிலில் நிறுத்தி, நண்பகலில் நிழலுக்கு நகர்த்துகிறேன். குவாரிப் பகுதி வழியே போய்வந்தால் தகட்டின் மேல் வெண்தூசி படியும்; வெயிலேறும் முன் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். ஏர் ஃபில்டரையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பைப் பேட்டரியில் ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1,800 வாட் அடுப்பு 12.8 வோல்ட்டில் 140 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர் மணி பேட்டரி பலவற்றின் பாதுகாப்புச் சுற்றே அதற்கு முன் துண்டித்துவிடும். தொடக்கத்தில் எரிவாயுவே பொருத்தம். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே முதன்மை ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எந்த எலக்ட்ரீஷியனோடும் சமரசம் செய்யாதீர்கள்; ஃபியூஸுக்கு முன்னால் உள்ள கம்பி உரசிப் பற்றினால் தடுக்க எதுவும் இல்லை.

படி 5: எரிவாயு

5 கிலோ சிலிண்டர் போதும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் அறை வண்டியின் உட்பகுதியோடு தொடர்பில்லாமல், அடியில் வெளியே திறக்கும் துளையோடு இருக்க வேண்டும். கசிவு எச்சரிப்பான் தரைக்கு அருகில் இருக்கட்டும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். சன்னல் திறக்காமல் சமைப்பதும், குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதும் உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் குளிரில் அந்த ஆசை வரும் என்பதால் சொல்கிறேன்.

படி 6: இறக்கத்தில் ஓட்டப் பழகுங்கள்

இதை ஒழுங்காகக் கற்காமல் யாரும் சேலம் பக்கம் கிளம்ப வேண்டாம். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வருவதற்குள் சாலை ஏறத்தாழ 400 மீட்டர் இறங்குகிறது. சூளகிரியைத் தாண்டி மேலுமலையில் அது நன்றாகத் தெரியும். தருமபுரியைக் கடந்தால் தொப்பூர் கணவாய். அங்கே இரட்டைப் பாலம் அருகே நடந்த விபத்துச் செய்திகளைப் படிக்காதவர் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார்.

பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்லும் விதி எளியது: எந்தக் கியரில் ஏறுவாயோ, அந்தக் கியரிலேயே இறங்கு. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும்படி செய்யுங்கள். வேகம் கூடும்போது பிரேக்கை உறுதியாக அழுத்தி, வேகம் குறைந்ததும் காலை எடுத்துவிடுங்கள். தொடர்ந்து லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் டிரம்மும் ஷூவும் சூடாகி, கருகிய வாசனை வரும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை அணைப்பதும் தற்கொலைக்குச் சமம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் துணை தராது. கருகல் வாசனை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தானாக ஆறும் வரை காத்திருங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். கேரவன் அதிகம் ஓடாது என்பதால் டயர் தேய்வதற்கு முன்பே முதுமையடைந்துவிடும். பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளங்கள்) நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். ஆறு ஆண்டைத் தொட்டதும் மாற்றிவிடுவது என் வழக்கம். காற்றை, ஸ்டெப்னி உட்பட, வண்டி ஓடிச் சூடாகும் முன் சரிபாருங்கள்.

படி 7: முதல் மூன்று பயணங்கள்

முதல் இரவை உங்கள் வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் கழியுங்கள். என்னென்ன மறந்தீர்கள் என்பது விடிவதற்குள் தெரிந்துவிடும்.

அடுத்ததாகக் கிருஷ்ணகிரி அணை. தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்டு 1957-இல் திறக்கப்பட்ட இந்த அணைக்குத் தருமபுரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். ஏதேனும் பழுதானால் திரும்பிவிடலாம். அதன் பிறகு பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 46 கிலோமீட்டர். கடைசிப் பகுதி காட்டு வழியாக இறங்கும் மலைப்பாதை. பகலிலேயே இறங்கிவிடுங்கள். ஆடிப் பெருக்கின்போது வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பொழுது போய்விடும் என்பதால் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி பகுதிகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு அறுவடைக் காலத்தை ஒட்டிப் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் அங்கே வருகின்றன. காட்டுச் சாலையோரத்தில் இரவு தங்குவது கூடவே கூடாது. பழமும் தானியமும் வைத்திருக்கும் வேன், யானையின் மூக்குக்குத் தெரியாமல் இருக்காது.

கேரவன்களுக்கென்று அமைந்த தங்குமிடங்கள் நம் பக்கம் அரிது. லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் பங்க், விடுதிகளின் வாகன நிறுத்துமிடம், தெரிந்தவர் தோப்பு ஆகிய மூன்றையே நான் நம்புகிறேன். எங்கே நின்றாலும் இருட்டுவதற்கு முன் போய், பொறுப்பில் இருப்பவரிடம் நேரில் கேட்டு, மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். கிளம்புவதற்கு வசதியாக, வண்டியின் முகம் சாலையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள்.

படி 8: வீடு திரும்பிய பிறகு

கழிவுத் தொட்டிகளை அன்றே காலி செய்து அலசுங்கள். குளிர்பெட்டியை அணைத்து, கதவுக்கு இடையில் ஒரு துண்டைச் செருகித் திறந்தே வையுங்கள். மூடினால் பூஞ்சை பிடிக்கும். சிலிண்டர் வால்வை மூடி, பேட்டரியின் முதன்மைச் சுவிட்சை அணையுங்கள். மழைக்காலத்துக்கு முன் கூரையில் ஏறி, சூரியத் தகட்டின் திருகுகளைச் சுற்றியுள்ள சீலண்டில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை சிறிது தூரம் ஓட்டுங்கள். அரிசி, பருப்பு, பிஸ்கட் எதையும் உள்ளே விட்டுவைக்காதீர்கள். அவற்றைத் தேடி வரும் எலி, அடுத்து ஒயரைத்தான் கடிக்கும்.